கணினி ஆட்டம் மதிக்கத்தக்க பொழுதுபோக்காகுமா?

நம் கல்லூரி விழாவையொட்டி நடத்தற்குரிய போட்டிகளை முடிவு செய்யக் கூடிய கூட்டத்திலே, பழைய மாணவர் ஒருவர் எழுந்து, துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், சதுரங்கம், நாவன்மை ஆகியவற்றோடு கணினி விளையாட்டுப் போட்டி ஒன்றும் வைத்தல் வேண்டும் என்றார். சிறிது நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் எல்லோரும் ஒருங்கே பேசினர். "சரசுவதி பூசை நடக்கும் மண்டபத்தைச் சூதாடுமிடமாக்குவதா?" என்றார் பெரியவர் ஒருவர். "ஐயா, சதுரங்கத்தையும் ஒரு காலத்தில் இப்படித்தானே ஏசினார்கள்" என்றார் முன்மொழிந்த இளைஞர். முடிவு காணாமலே கூட்டம் கலைந்தது. கலையும்போது, நூல்களைப் பார்த்து இரு பக்கத்தாருக்கும் விளங்கும்படி மலரில் எழுதித் தரும் பொறுப்பைத் தமிழாசிரியராகிய எம் தலையில் வைத்தனர். அதனாலெழுந்தது இக்கட்டுரை.

முதலிற் சொல்லை ஆராய்வோம். ஆங்கிலத்திலே 'கேமிங்' என்னுஞ் சொல் இளைஞர் கணினியில் ஆடும் விளையாட்டையும் பணம் வைத்தாடுஞ் சூதையும் ஒருங்கே குறிக்கும். ஒரு சொல் இரண்டுக்கும் உரியதாகவே, ஒன்றன்மேலுள்ள வெறுப்பு மற்றதன்மேலும் எளிதில் ஏறிவிடுகின்றது. தமிழிலே இவ்விடர் இல்லை. விளையாட்டு வேறு, சூது வேறு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென வகுக்குமிடத்து, செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் சேர்த்து வைத்தார். உரியியலிலோ கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டே பொருளென்றார். மதுரையிலே சிவபெருமான் நிகழ்த்திய 64 அருட்செயல்களைப் பாடிய பரஞ்சோதி முனிவரின் நூலும் திருவிளையாடற் புராணம் என்றே பெயர் பெற்றது. இறைவன் செயலுக்கே ஆகிவந்த ஒரு சொல்லை வீண்காரியத்தின் மறுபெயராக வழங்குதல் எமக்கு உடன்பாடன்று.

வள்ளுவர் சூதுக்கெனப் பொருட்பாலில் ஓர் அதிகாரம் வகுத்தார். 94ஆம் அதிகாரமாகிய அது கள்ளுண்ணாமையை அடுத்து வருதலே அவர் கருத்தைப் புலப்படுத்தப் போதும். கூட்டத்திலே பெரியவர் நினைவிற்கொண்டு பேசியதும் அவ்வதிகாரத்தையே. ஆயினும் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளை நாம் பலவேளைகளில் மறந்துவிடுகின்றோம். நூலறிவு நிரம்பாதவன் அவையிற் புகுந்து பேசுதலை, கட்டங் கீறாத வெறுநிலத்தில் வட்டாடுதலுக்கு அங்கே ஒப்புமை கூறுகின்றார் பெருநாவலர். வட்டாடுதலை அவர் பழிக்கவில்லை. அரங்கின்றி வட்டாடுதலையே பழிக்கின்றார். வகுப்பிலே இக்குறளைப் பல்லாண்டு படிப்பித்தும், கல்லாதவன் நிலையை விளக்குவதோடு நின்றோமேயன்றி, விளையாட்டைப் பற்றி அதிற் செறிந்து கிடக்கும் உண்மையை யாம் கவனித்தோமல்லோம். அரங்கு என்பது ஆட்டத்துக்கிட்ட கோடு. அக்கோட்டினுள்ளே சில விதிகள் உண்டு. கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் வெற்றியும் தோல்வியும் அங்கேயே நின்றுவிடும். ஒல்லாந்து நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட நூலிலே, மனிதப் பண்பாடு விளையாட்டினூடாகவே வளர்ந்ததென நாட்டப் புகுந்தபோது, அன்றாட வாழ்விலிருந்து வேறுபடுத்தி எல்லையிட்ட இடமும் காலமுமே விளையாட்டின் இலக்கணமென்றார். வட்டரங்கைக் கண்ட வள்ளுவருக்கு இது புதிதன்று.

பாரதத்திலே தருமன் ஆடியதும் முதலில் விளையாட்டே. சுற்றத்தார் அழைப்பை ஏற்று மண்டபத்தில் அமர்ந்தான். நாடும் தம்பியரும் தானும் மனைவியும் கோட்டுக்குள் இழுத்து வைக்கப்பட்டபோது அரங்கு அழிந்தது. நளன் கதையும் அதுவே. காய் ஒன்றுதான், கோடுதான் இல்லாமற் போயிற்று.

தமிழர் ஆட்டக்காரர் என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. கீழடி அகழாய்விலே சுடுமண் ஆட்டக்காய்களும் தந்தத்தாலான தாயக்கட்டையும் வெளிவந்தன. நம் நாட்டிலே மட்டக்களப்புப் பகுதியின் கொம்புமுறி, ஊரை இரண்டாகப் பிரித்துக் கோவலன் பக்கம், கண்ணகி பக்கமென நிறுத்தி நடைபெற்ற ஆட்டம். அது வழிபாட்டின் கூறாகவே மதிக்கப்பெற்றது. யாழ்ப்பாணத்திலே சித்திரை வருடப் பிறப்பன்று போர்த்தேங்காய் அடித்தலும், கிளித்தட்டும், பெண்கள் கொக்கான் வெட்டுதலும் நம் பெற்றோர் கண்டவை. இவற்றையெல்லாம் பண்பாடு என்று இப்பொழுது பாராட்டுகின்றோம். கிளித்தட்டு மறித்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்பிய பிள்ளைக்கு அக்காலத்திற் கிடைத்தது பூவரசங் கம்பு. பாராட்டு, ஆட்டம் அருகிப்போன பின்னரே வந்தது.

இனி, எமக்கு நன்கு பழக்கமான ஆட்டமொன்றைச் சொல்லுதல் தகும். கடதாசி ஆட்டங்களுள் முந்நூற்று நான்கு எனப்படுவதை அறியாத பழைய மாணவர் அரியர். அறியாத இன்றைய மாணவர் பலராதலின் சிறிது விளக்குகின்றோம். ஏழு முதல் ஆசு வரையுள்ள 32 தாள்களே இதற்கு வேண்டும். நால்வர் ஆடுவர், எதிரெதிரே இருப்போர் கூட்டாளிகள். ஒவ்வோரினத்திலும் 'ஜே' தாளுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, அரசனுக்கு 3, அரசிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. பெயர் பிறந்த வழி இதுவே. அரசனை ஒன்பது வெல்லும் இவ்வாட்டத்திலே மன்னராட்சிக்கு அதிக மதிப்பில்லை என்பதையும் நோக்குக! முதல் நான்கு தாள்கள் கைக்கு வந்ததும் கேள்வி தொடங்கும். மிகுதி கேட்டவர் துரும்பைத் தெரிந்து, ஒருவருங் காணாதவாறு கவிழ்த்து வைப்பார். அதன் பின்னரே எஞ்சிய நான்கு தாள்களும் பகிரப்படும். கூட்டாளிக்கு வாயாற் சொல்லல் ஆகாது. கண்ணாற் காட்டலும் ஆகாது. அவர் எதை எறிந்தார், எதை எறியாது வைத்திருக்கின்றார் என்பதைக் கொண்டே அவர் கருத்தை உணர்தல் வேண்டும். எங்கள் ஊரில் இவ்வாட்டத்திற்குப் பணயம் காசன்று. தோற்ற இருவர் காதிலும் ஓலைக் கடுக்கன் ஏறும். ஊராருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஓய்வுபெற்ற விதானையார் ஒருவர், இரண்டு காதிலும் கடுக்கனோடு திண்ணையில் இருந்ததை யாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம். எழுந்து போகும்போது கடுக்கனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவார். மறுநாள் அவர் தீர்ப்புக்கு ஒரு குறைவுமில்லை.

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டிலே மின்சாரம் இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெய் பொன்னினும் அரிதாயிற்று. ஜாம் போத்தலிலே சிறிது எண்ணெயிட்டுத் திரி கொளுத்தி அவ்வொளியிற் படித்த தலைமுறை எமது. படித்து முடிந்தபின் ஒரு சுற்று ஆடுவோம். திரி கருகத் தொடங்கினால் ஆட்டம் முடிந்ததென்பது விதி. எவருக்கும் தனிக் கட்டளை வேண்டியிருந்ததில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எம் தந்தையார் சைக்கிளிற் கட்டிக்கொண்டு வந்த பொருள்களுள் ஒரு கட்டுத் தாளும் இருந்தது. அன்னையார் அதைக் கண்டு சினந்தார். பாடசாலை ஒன்றின் வகுப்பறையிலே ஐந்து குடும்பங்கள் தங்கியிருந்த அந்நாள்களில், பேசுவதற்கு அச்சந்தரும் செய்தியன்றி வேறெதுவுமில்லாத பெரியவர்கள், மாலையில் அத்தாள்களைச் சுற்றி இருந்து, துரும்பு என்னவாயிருக்கும் என்பதைப் பற்றி மட்டும் கவலைப்பட்டனர். ஏறக்குறைய ஒரு மணிநேரம். அதற்கு மேல் அன்னையார் சினக்கவில்லை.

பொழுதுபோக்கென்பது பொழுதை வீணாக்குதலென்று எவரேனும் சொல்லும்போது எமக்கு அந்த வகுப்பறையே நினைவுக்கு வரும். ஆயினும், இதே எண்ணத்தைக் கணினி விளையாட்டுக்கு ஏற்றிப் பார்க்க எமக்கு நெடுநாள் மனம் வரவில்லை.

அவ்விளையாட்டுகள் நேற்றுத் தோன்றியனவல்ல. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்திலே வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியலறிஞர், ஆய்வுகூடத்தைப் பார்க்க வரும் பொதுமக்கள் சலிப்படையாதிருத்தற்பொருட்டு, அலைகாட்டித் திரையில் இருவர் பந்தடிக்கும் ஆட்டமொன்றை அமைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினர். 1984இல் மொஸ்கோவிலே அலெக்சி பாஜித்னோவ் இயற்றிய தெற்றிஸ் என்னும் கட்டையடுக்கும் ஆட்டம் உலகெங்கும் பரந்தது. 2023இல் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி ஆட்டங்களில் வென்றோருக்கு ஓட்டத்திலும் நீச்சலிலும் வென்றோரைப் போலவே பதக்கம் அணிவிக்கப்பட்டது. நம் மாணவர் 'பப்ஜி' என வழங்கும் ஆட்டத்தில் நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குவர். நால்வர் ஓர் அணியாய் நிற்றலும் உண்டு. நேரஞ் செல்லச் செல்ல ஆடுகளத்தின் வட்டம் சுருங்கும். அரைமணி நேரமளவில் ஆட்டம் முடியும். சுருங்கும் வட்டமும் ஓர் அரங்கே என்று எமக்கு விளங்கவைத்தவன் மாணவன் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே அவன் எம்மிடம் கற்றான். முதற் பாடத்திலேயே தூங்கிவிழுவான். இரவிரவாகக் கணினி ஆட்டம் ஆடுகின்றான் என உடன்மாணவர் கூறினர். ஒருநாள் அவன் பையிலே கைத்தொலைபேசி அகப்பட்டது. பாடசாலைக்கு அதனைக் கொண்டுவரலாகாதென்பது விதியாதலின், அதனை வாங்கி எம் அலுமாரியிற் பூட்டி, தவணை முடிந்த பின்னரே தருவோமென்றோம். வகுப்பின் முன்னிலையிலே சில கடுமொழிகளும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. தவணையின் கடைசி நாளிலே அவன் தாயார் வந்தார். "சேர், தமையனோடை அவன் கதைக்கிறது அதுக்குள்ளைதான். போனிலை எடுத்தால் ரெண்டு பேரும் வாய் திறக்கமாட்டினம்" என்றார்.

தமையன் ரொறன்ரோவில் இருந்தான். கோடைகாலத்திலே அவன் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் மாலை 6 மணி, இங்கே விடியற்காலை மூன்றரை மணி. அந்நேரம் எழுந்து தம்பி அவனோடு இரண்டு ஆட்டம் ஆடுவான். துப்பாக்கியும் ஓட்டமுமாகிய அவ்வாட்டத்தினூடே அம்மாவின் மருந்து, வீட்டுக் கூரை, சோதனை, தமையனின் கடன் எல்லாம் பேசி முடிப்பர். நேரே பேசச் சொன்னால் அவர்களாற் பேச முடிந்ததில்லை. கூட்டாளியின் முகத்தைப் பாராமல் அவன் எறியுந் தாளைப் பார்த்தே அவன் மனத்தை அறியப் பழகியவர் யாம். எமக்கு இது விளங்கியிருத்தல் வேண்டும். மூன்று மாதம் அவர்கள் பேச்சை எம் அலுமாரியிற் பூட்டி வைத்திருந்தோம். தூக்கத்துக்கு நாம் கண்ட காரணம் பொய்யன்று. விதியை நிறைவேற்றியதும் பிழையன்று. ஆனால் அச்சிறுவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடுமொழிக்காக அவனிடம் வருத்தந் தெரிவித்தோம். "பரவாயில்லை, சேர்" என்றான். அது எத்துணைப் பரவாயில்லை என்பது எமக்குத் தெரியும்.

இவ்வளவும் கூறியதனாற் கணினி விளையாட்டனைத்தையும் யாம் ஏற்றுக்கொண்டோம் எனக் கொள்ளற்க. பெரியவரின் அச்சத்துக்கும் இடமுண்டு. அவர் சுட்டிய இடந்தான் சற்று விலகிவிட்டது. வேறொரு மாணவனின் வீட்டிலே, தாய்மாமன் செலவுக்கென நம்பிக் கொடுத்த வங்கி அட்டையிலிருந்து பெருந்தொகை போயிற்று. அவன் பொருள் எதையும் வாங்கவில்லை, பெட்டிகளை வாங்கினான். ஆட்டத்தினுள்ளே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி அது. உள்ளே என்ன உண்டென்று திறக்குமுன் தெரியாது. பெரும்பாலும் அற்பமான அணியொன்று வரும். மிக அருமையாக எல்லோரும் விரும்பும் பொருள் வரும். திறக்கும்போது ஒளியும் ஒலியும் எழும். கிடைக்கவேண்டிய பொருள் மயிரிழையில் தவறியதுபோல் ஒரு தோற்றமுங் காட்டப்படுவதுண்டு. எறிந்த கட்டை இம்முறை விழவில்லை, அடுத்தமுறை விழும் என்று தருமனை இருத்திவைத்த நினைவு இதுவேயன்றோ? 2018இல் பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பாளர், சில ஆட்டங்களிலுள்ள இத்தகைய விலைப்பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்த்தனர். தமிழாசிரியராகிய யாமும் அத்தீர்ப்பை வழிமொழிகின்றோம். கேமிங் என்னும் ஒரே சொல்லினுள்ளே இரண்டும் ஒளிந்துகிடக்க, பெற்றோர் விளையாட்டை ஏசுகின்றனர். சூது கேட்பாரின்றிப் பக்கத்திலேயே கடை விரித்திருக்கின்றது.

மற்றொன்று, முடிவின்மை. எம் ஆட்டத்துக்குத் திரி கருகுதல் முடிவு. இன்றைய ஆட்டங்கள் பலவற்றிலே ஆட்டத்துக்கு முடிவிருந்தாலும் அடுத்த ஆட்டத்துக்கு இடைவெளியில்லை. நாள்தோறும் வந்தாற் பரிசு, ஒருநாள் வராவிட்டால் இழப்பு என வாயிலிலேயே ஒருவரை நிறுத்தி வைத்திருக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்வகைப்பாட்டிலே விளையாட்டுக் கோளாறு என ஒன்று இடம்பெற்றது. ஆடுவோரெல்லாம் நோயாளர் என அது கூறவில்லை. ஆட்டத்தை அடக்க முடியாமை, பிறவற்றினும் அதனையே முற்படுத்தல், கேடு விளைந்தும் விடாமை ஆகிய இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமளவு நீடித்து, படிப்பையும் உறவையும் கெடுக்கும் நிலையையே அது குறிக்கின்றது. சீன அரசு 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரையே இணையவழி ஆடலாமென விதித்தது. அரசாங்கம் வந்து திரியை அணைக்க வேண்டியதாயிற்றே என்று எமக்குத் தோன்றியது. வீட்டிலே அணைக்க ஆளிருந்தாற் சட்டத்துக்கு வேலையில்லை.

சதுரங்கத்தை எடுத்துக்காட்டிய இளைஞருக்கும் ஒரு சொல். அவர் கூறியது உண்மையே. ஈரானில் 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் சதுரங்கம் தடைசெய்யப்பட்டது; 1988இல் அத்தடை நீங்கியது. எந்நிபந்தனையோடு நீங்கிற்று என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்: சூது கலவாதிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. 2024இல் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதிலே உலக வாகையரானபோது நம் மாணவர் துள்ளிக் குதித்தனர். தடைக்காலமொன்று இருந்ததை எவரும் எண்ணவில்லை. ஆட்டத்துக்கு மதிப்பு அதன் வயதினாலும் வருவதில்லை, பதக்கத்தினாலும் வருவதில்லை. நால்வர் கூடியிருந்து ஆடி, ஒருவர்க்கொருவர் ஏமாற்றாது விதி காத்து, தோற்றவர் கடுக்கனைக் கழற்றிவிட்டு எழுந்துபோகக் கூடிய இடமாயிருந்தால், அது திண்ணையிலே நடந்தாலென்ன, திரையிலே நடந்தாலென்ன?

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாணவனைத் தேடிப்போய், எமக்கும் அவ்வாட்டத்தைக் கற்பிக்கும்படி கேட்டோம். பொறுமையோடு கற்பித்தான், யாம் அவனுக்குப் புணர்ச்சி இலக்கணம் கற்பித்த பொறுமையிலும் அது மிகுதி. தீவில் இறங்கி இரண்டு நிமிடத்திலே யாம் மடிந்தோம். எவர் சுட்டார் என்பதும் தெரியவில்லை. "இனி எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கலாம், சேர்" என்றான்.

அடுத்த கூட்டத்திலே எம் வாக்கு போட்டிக்கு ஆதரவாகும். காசு கேட்கும் ஆட்டம் எதுவும் வேண்டா. அணியினர் நால்வரும் மண்டபத்தில் ஒரே வாங்கில் அருகருகே இருத்தல் வேண்டும். காலை 9 மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடித்து எல்லோரும் ஒருமித்து உண்ணுதல் வேண்டும் எனக் கேட்போம். பெரியவரோடும் பேசியாயிற்று. அவர் முழுதும் இணங்கவில்லை. ஆயினும் அதே நாளில் பக்கத்து அறையிலே பழைய மாணவருக்கு முந்நூற்று நான்குப் போட்டி வைப்பதாயின் வந்து பார்ப்பதாகச் சொன்னார். கடுக்கனுக்கு ஓலையும் தாமே கொண்டுவருவாராம். யாம் பெயர் கொடுத்துவிட்டோம். கூட்டாளிதான் இன்னும் அமையவில்லை. விரும்பும் பழைய மாணவர் ஆசிரியர் அறையிலே எம்மைக் காணலாம்.